பைத்தார்: விலங்கைக் காத்து மனிதரைக் காத்தவர்கள்

துருக்கியின் தேசிய கீதத்தை இயற்றியவர் முஹம்மது ஆகிஃப் எர்சோய். குர்ஆனை மனனம் செய்த ஹாஃபிழ் அவர். உஸ்மானியப் பேரரசின் இறுதி நாள்களில் சமுதாயத்தின் மனசாட்சியாக ஒலித்த கவிஞர். இவ்வளவும் நம்மில் பலர் கேள்விப்பட்டவையே. ஆனால் அவர் ஊதியம் பெற்ற தொழில் எது என்று கேட்டால் விடை கூறுவோர் சிலரே. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அவர் அரசாங்கக் கால்நடை மருத்துவராகப் பணியாற்றினார்.

அத்தொழிலுக்குரிய அரபுச் சொல் 'பைத்தார்'. குதிரை மருத்துவரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அரபுக்கு வந்து, துருக்கியிலும் வழங்கிய சொல் அது. மருந்துச் செடிகளைப் பற்றிய பெருநூலை எழுதி 1248இல் திமிஷ்கில் மறைந்த அந்தலூசிய அறிஞர் இப்னுல் பைத்தாரின் பெயருக்குப் பொருளே 'கால்நடை மருத்துவரின் மகன்' என்பதுதான். தந்தையின் தொழிலைப் பெயரில் தாங்குவது அன்று பெருமையாக இருந்தது. பதினான்காம் நூற்றாண்டில் மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மதின் அவையில் இருந்த அபூபக்ர் அல்பைத்தார், குதிரை வளர்ப்பையும் அதன் மருத்துவத்தையும் ஒருங்கே விளக்கும் நூலை எழுதினார்.

இந்த மரபுக்கு அடித்தளமாக மார்க்கத்தின் வழிகாட்டல் இருந்தது. நோயுற்ற ஒட்டகங்களை உடையவர் அவற்றை நலமுள்ள ஒட்டகங்களிடம் கொண்டு செல்லலாகாது என்று நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. நோயுற்றதைப் பிரித்து வைத்தல் என்னும் நெறி, இன்றும் கால்நடை மருத்துவ மாணவர் கற்கும் தொடக்கப் பாடங்களுள் ஒன்று.

விலங்கின் நோயைப் பள்ளியில் முறையாகப் பயிற்றுவிக்கும் வழக்கம் பிரான்சில் தொடங்கியது. மாடுகளைக் கொத்துக் கொத்தாக மாய்த்த வெக்கை நோயை எதிர்கொள்ள வேண்டிய நெருக்கடியில், 1761இல் லியோன் நகரில் கால்நடை மருத்துவப் பள்ளிக்கு ஒப்புதல் கிடைத்தது. அப்பள்ளியின் பேராசிரியர் பியர் விக்டர் கால்தியே, 1879இல் வெறிநோயை முயல்களில் உண்டாக்கி ஆராயும் முறையை வெளியிட்டார். வெறிபிடித்த நாய்களை வைத்து ஆராய்வது உயிருக்கே ஆபத்தாக இருந்த காலம் அது. முயல்களைக் கொண்டு ஆய்வு எளிதாகவும் விரைவாகவும் நடந்தது. அந்த வழியில் மேலும் சென்ற லூயி பாஸ்டர், 1885 ஜூலை 6 அன்று ஜோசப் மெய்ஸ்டர் என்னும் ஒன்பது வயதுச் சிறுவனுக்குத் தடுப்பு மருந்து செலுத்தி அவனைக் காத்தார். பாஸ்டரின் பெயரை உலகம் அறிந்தது. கால்நடை மருத்துவ ஆசிரியரான கால்தியேயின் பெயர் பின்தங்கிவிட்டது.

அச்செய்தி இஸ்தான்புலை எட்டியபோது சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது காலம் தாழ்த்தவில்லை. 1886இல் பாஸ்டருக்கு மெஜீதியே விருதையும் பண உதவியையும் அனுப்பினார். அவற்றுடன் மூவர் கொண்ட குழு ஒன்றும் பாரிசுக்குச் சென்றது. மருத்துவர்களான ஸோரோஸ் பாஷா, ஹுசைன் ரெம்ஸி ஆகியோருடன் மூன்றாமவராகச் சென்ற ஹுசைன் ஹுஸ்னு ஒரு கால்நடை மருத்துவர். மனிதரின் நோயை அறிய விலங்கை அறிந்தவரும் உடன் வேண்டும் என்னும் தெளிவு அந்தத் தேர்வில் தெரிகிறது. அவர்கள் கற்றுத் திரும்பிய பின், 1887இல் இஸ்தான்புலில் வெறிநாய்க்கடி சிகிச்சை நிலையம் அமைந்தது. உலகின் தொடக்ககால நிலையங்களுள் அதுவும் ஒன்று.

இந்தச் சூழலில்தான் 1889இல் அங்கே குடிமக்களுக்கான கால்நடை மருத்துவப் பள்ளி தொடங்கியது. அதன் முதல் மாணவர்களுள் ஒருவராக ஆகிஃப் சேர்ந்தார். ஃபாத்திஹ் மத்ரஸா ஆசிரியரான தந்தை 1888இல் மறைந்திருந்தார். அடுத்து வீடும் தீக்கிரையானது. படித்து முடித்தால் வேலை உறுதி என்பதே அந்த இளைஞரை அங்கே செலுத்தியது. வறுமையால் தேர்ந்த படிப்பை அவர் அரைமனத்தோடு படிக்கவில்லை. 1893இல் முதல் மாணவராகத் தேறினார். வேளாண் அமைச்சகத்தின் அலுவலராக ருமேலியா, அனத்தோலியா, அரபு நிலங்கள் எங்கும் சென்று கால்நடைத் தொற்றுநோய்களைக் கண்காணித்தார். தொழுவத்திலும் சந்தையிலும் எளிய மக்களோடு பழகிய அந்த ஆண்டுகளே அவருடைய கவிதைக்கு உரமாயின.

ஆயினும் அறிவு ஒரு பக்கம் வளர, அதற்கு நேர்மாறான செயலும் அதே நகரில் நடந்தது. 1910இல் இஸ்தான்புலின் தெருநாய்களைப் பிடித்து, நீரும் உணவுமற்ற ஸிவ்ரியாடா என்னும் தீவில் கொண்டு விட்டனர். பல்லாயிரம் நாய்கள் பசியாலும் தாகத்தாலும் மடிந்தன. தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் பாவம் மன்னிக்கப்பட்டது என்று படித்து வளர்ந்த மக்கள், அக்கொடுமையைக் கண்டு மனம் வெதும்பினர்.

நாய்களை நோயிலிருந்து காக்கும் தடுப்பூசி அன்று கைக்கு வரவில்லை. அவற்றைப் பெருமளவில் காக்கும் முறை 1920களின் தொடக்கத்தில் ஜப்பானில் உருவானது. ஒரு பகுதியிலுள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி செலுத்தினால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது இன்று நிலைபெற்ற அறிவு. மனிதருக்கு நேரும் வெறிநோய் மரணங்களில் 99 விழுக்காடு நாய்களால் வருவது. கடிபட்டவருக்கு ஊசி போடுவது மருத்துவரின் பணி. கடிக்கும் முன்பே நாயிடத்தில் நோயைத் தடுப்பது பைத்தாரின் பணி. அறிவு இல்லாத இடத்தில் அச்சம் கொடுமையாக மாறுகிறது. அறிவு வந்த பின் இரக்கமும் பாதுகாப்பும் ஒரே வழியில் செல்ல முடிகிறது.

நம் மாநிலத்திற்கும் இந்த வரலாற்றில் பங்கு உண்டு. சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இல் 20 மாணவர்களுடன் தொடங்கி, இன்றும் வேப்பேரியில் இயங்குகிறது. 1907இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தோன்றியது. கால்நடை மருத்துவம் பயிலும் மாணவர், விலங்குகளோடு பழகும் முன் தாமே வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டியவர். பிறர் வீட்டுக் குழந்தைக்கு வரக்கூடிய ஆபத்தின் முன் அவர் முதலில் நிற்கிறார். ஆனால் நம் குடும்பங்களில் அப்படிப்பு, மருத்துவ இடம் கிடைக்காதவருக்கான ஆறுதலாகவே எண்ணப்படுகிறது. 'மாட்டு டாக்டர்' என்னும் ஏளனச் சொல் எத்தனை பிள்ளைகளின் ஆர்வத்தைக் கருக்கியிருக்கும்!

அறிந்த மனிதத் தொற்றுநோய்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு விலங்குகளிடமிருந்து வந்தவை. ஆடு மாடுகளோடு நெருங்கிப் பழகும் சமுதாயம் நம்முடையது. குர்பானிக்காகவும் அகீகாவுக்காகவும் அவற்றைத் தேடி வாங்குகிறோம். எனவே இவ்வறிவு நம் வீட்டு அறிவு. திடீரென இறந்து, மூக்கிலும் வாயிலும் உறையாத இரத்தம் கசியும் ஆடுமாட்டை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. அடைப்பான் நோயின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்த்திருக்கும். தானாகச் செத்ததை மார்க்கம் நமக்கு ஹராமாக்கியிருப்பதை இங்கே நினைவுகூரலாம். பாலைக் காய்ச்சாமல் பருகினால் புருசெல்லோசிஸ் என்னும் நீடித்த காய்ச்சல் வரக்கூடும். கையில் காயம் உள்ளவர் அறுப்பு வேலையில் இறங்கும்போது கையுறை அணிய வேண்டும். கழிவுகளை நாய்கள் இழுக்காத ஆழத்தில் புதைக்க வேண்டும். நாய் கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் மந்திரித்த கயிறும் தடுப்பூசிக்கு ஈடாகா. நோய்க்குறி தோன்றிவிட்டால் வெறிநோயிலிருந்து மீள்வது அரிதினும் அரிது.

பிளஸ் டூ முடித்த மகனோ மகளோ கால்நடை மருத்துவம் படிக்க விரும்புகிறேன் என்று சொன்னால், நாம் முகம் சுளிக்க வேண்டியதில்லை. இப்னுல் பைத்தார் தந்தையின் தொழிலைப் பெயரிலேயே சுமந்தார். ஆகிஃப் அதே தொழிலைச் செய்துகொண்டே ஒரு சமுதாயத்தின் குரலானார். வாயில்லா உயிர்கள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவற்றின் நோயறிந்து காக்கும் ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் நம் பிள்ளைகளிலிருந்து உருவானால், அந்த ஊரின் மனிதரும் காக்கப்படுவர், இன்ஷா அல்லாஹ்.