இரவல் படகில் வந்த தங்கம்



டென்மார்க் கடல் சூழ்ந்த சின்ன நாடு. ஆனால் காற்றை நம்பி ஓடும் பாய்ப்படகுப் பந்தயத்தில் அதற்குப் பெரிய பெயர். பால் எல்வ்ஸ்ட்ரோம் என்ற டென்மார்க் வீரர் 1948 முதல் 1960 வரை அடுத்தடுத்து நான்கு ஒலிம்பிக்கில் தனியாளாகத் தங்கம் வென்றார். 1948-இல் முதல் ஓட்டத்தையே அவர் பாதியில் விட்டவர் என்றால் நம்புவீங்களா?

நான் சொல்ல வந்தது 2008-ஆம் ஆண்டுச் சங்கதி. பெய்ஜிங் ஒலிம்பிக்கின் படகுப் பந்தயம் சீனாவின் சிங்தாவ் கடலில் நடந்தது. இருவர் ஓட்டும் சிறு படகில் யோனஸ் வாரர், மார்ட்டின் கிர்கெடர்ப் என்ற டென்மார்க் ஜோடிதான் முன்னணி. பாக்கி ஒரே ஓட்டம். அன்றைக்கென்று பலத்த காற்று. புறப்படும் இடத்துக்குப் போகுமுன்னே பாய்மரம் முறிந்துபோச்சு! நான்கு வருட உழைப்பும் போன மாதிரிதான்.

கரையில் குரோவேஷியா நாட்டுப் படகு நின்றது. அந்த ஜோடி கடைசி ஓட்டத்துக்குத் தேறவில்லை. நம்ம வகுப்பில் பென்சில் இரவல் கொடுக்கவே சில பிள்ளைகள் முகம் சுளிக்கும். அவர்களோ முழுப் படகையும் கொடுத்துவிட்டார்கள்.

டென்மார்க் ஜோடி தாமதமாகத்தான் புறப்பட்டது. பாயிலே அடுத்த நாட்டுக் கொடி! அந்தக் காற்றில் மற்ற படகுகளும் கவிழ்ந்தன. இவர்கள் ஏழாவதாக வந்தார்கள். மொத்தப் புள்ளியில் தங்கம் கிடைத்தது. படகு மாறியது செல்லாது என்று ஸ்பெயினும் இத்தாலியும் வழக்காடின. விளையாட்டு நடுவர் மன்றம் வரை போயும் வழக்கு நிற்கவில்லை.

படகு கொடுத்தவர்கள் பாவ்லே கோஸ்டோவ், பெத்தர் சூபாச். பதக்கப் பட்டியலில் அவர்கள் பெயர் கிடையாது.