தகரக் குழாயும் மகேந்திரவர்மனின் பேழையும்

ஆபீஸ்ல ஆணி அதிகம், அதான் ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. இப்ப எழுத வெச்சது எங்க அக்கா பொண்ணு. காலேஜ்ல ரெண்டாம் வருஷம் படிக்கிறா. ஸ்னூக்கர் ஆடுறா, நல்லாவே ஆடுறா. போன மாசம் போன் பண்ணி, "மாமா, கியூ வாங்கியாச்சு. அதை வெச்சுத் தூக்கிட்டுப் போக ஒரு நல்ல கேஸ் வேணும். வருஷக் கணக்கா உழைக்கணும். எது வாங்கட்டும்?"னு கேட்டா.

யார்கிட்ட என்ன கேள்வி கேட்கிறா பாருங்க. இந்த விஷயத்துல நான் செஞ்ச பாவம் எங்க குடும்பத்துக்கே தெரியும். அதைச் சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன், பொறுத்தருள்க.

எங்க ஊர் சீயமங்கலம். செஞ்சிக்கு வடக்கே, தேசூர் பக்கத்தில், வந்தவாசி வட்டம். எங்க பெரியப்பா அங்கிருந்து கிளம்பி 1958-ல் மெட்ராசில் ஒரு பழைய கிளப்பில் வேலைக்குச் சேர்ந்தார். முதலில் பந்து எடுத்து வைக்கிற பையன், அப்புறம் மார்க்கர். பில்லியர்ட்ஸ் மேஜை பக்கத்தில் நின்று பாயின்ட் எண்ணிப் பலகையில் ஏற்றுகிறவருக்குத்தான் நம்ம ஊர் கிளப்புகளில் மார்க்கர்னு பேர். கியூவுக்குத் தோல் முனை ஒட்டுவது, மேஜைத் துணியை பிரஷ் போடுவது, ஜோடி இல்லாமல் தனியாக வரும் மெம்பரோடு ஆடுவது எல்லாம் அவர் வேலைதான். அப்படி ஆடியே பெரியப்பா மெம்பர்களைவிட நன்றாக ஆடக் கற்றுக்கொண்டார். ஆனால் போட்டி என்று வந்தால் அவர் இடம் ஸ்கோர் பலகை பக்கம்தான்.

அவர் வேலைக்குச் சேர்ந்த அதே 1958-ல் வில்சன் ஜோன்ஸ் கல்கத்தாவில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் ஜெயித்தார். சுதந்திர இந்தியாவின் முதல் உலக சாம்பியன்! எந்த விளையாட்டிலும் அதுக்கு முன்னாடி தனிநபராக யாரும் இல்லை. 1964-ல் நியூசிலாந்தில் இன்னொரு முறையும் ஜெயித்தார். 1973-ல் பம்பாயில் நடந்த போட்டியில் இலங்கையின் எம்.ஜே.எம். லஃபீர் அதே பட்டத்தைத் தட்டிக்கொண்டு போனார். இந்த மூணு வருஷத்தையும் பெரியப்பா தேதிக் கணக்கா சொல்லுவார். எங்க பிறந்த நாளெல்லாம் ஞாபகம் இருக்காது :-)

சரி, மேட்டருக்கு வருவோம்.

ஸ்னூக்கர் நம்ம நாட்டில் பிறந்த ஆட்டம்னு நிறைய பேருக்குத் தெரியாது. 1875-ல் ஜபல்பூரில், டெவன்ஷயர் ரெஜிமென்ட் அதிகாரிகள் மெஸ்ஸில், மழைக்காலத்தில் பொழுது போகாத ராணுவ அதிகாரிகள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த 'பூல்' ஆட்டங்களில் கலர் பந்துகளைச் சேர்த்து உண்டாக்கினது. அதில் முக்கியமானவர் நெவில் சேம்பர்லேன். (பின்னாளில் பிரிட்டிஷ் பிரதமரான சேம்பர்லேன் இல்லை, இவர் வேறு.) ராணுவக் கல்லூரியில் முதல் வருஷப் பையன்களைக் கேலியாகக் கூப்பிடுகிற பேர் 'ஸ்னூக்கர்'. ஒருத்தர் சுலபமான பந்தை விட்டுவிட, சேம்பர்லேன் அந்தப் பேரைச் சொல்லிக் கிண்டல் பண்ணப்போக, அதுவே ஆட்டத்துக்குப் பேராகிவிட்டது. அவர் பிறகு மெட்ராஸ் ராணுவத் தளபதி ஃபிரெடரிக் ராபர்ட்ஸிடம் வேலைக்கு வந்தார். கோடைக்கு எல்லாரும் ஊட்டிக்குப் போவார்கள். அங்கே ஊட்டி கிளப்பில் 1882 வாக்கில் ஆட்ட விதிகளை எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். 1885-ல் இந்தியாவுக்கு வந்த பில்லியர்ட்ஸ் சாம்பியன் ஜான் ராபர்ட்ஸ் கல்கத்தாவில் சேம்பர்லேனைச் சந்தித்து, விதிகளைக் கேட்டுக்கொண்டு ஆட்டத்தை இங்கிலாந்துக்குக் கொண்டு போனார். ஆக, ஆட்டம் வடக்கே பிறந்தாலும் அதுக்குச் சட்டம் எழுதினது நம்ம நீலகிரியில்.

அந்தக் காலத்துக் கியூ முழு நீளத்துக்கும் ஒரே மரம். கிட்டத்தட்ட 58 அங்குலம். கிளப் கியூக்கள் சுவர் ஸ்டாண்டில் நிற்கும், யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம். ஆனால் கியூ முனையில் தோல் ஒட்டுகிற வழக்கம் 19-ம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஃபிரான்ஸில் மிங்கோ என்பவரால் பிரபலமான பிறகு, ஆட்டம் ரொம்ப நுணுக்கமாகிவிட்டது. முனையின் அளவு, எடை, கைப்பிடி கொஞ்சம் மாறினாலும் அடி மாறும். அதனால் நன்றாக ஆடுகிறவர்கள் தனக்கென்று ஒரு கியூ வைத்துக்கொண்டார்கள். தனக்கென்று ஒண்ணு வந்தால் அடுத்த கேள்வி என்ன? அடுத்தவன் எடுத்துடக் கூடாது, பூட்டி வைக்கணும்!

அதுக்கு வந்ததுதான் கறுப்புத் தகரக் குழாய். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளத்தில் ஒல்லியான தகர உறை, மேலே மூடி, ஒரு சின்னப் பூட்டு, பெயின்ட்டில் சொந்தக்காரர் பேர். தகரத்தின் மேல் கறுப்பு வார்னிஷ் பூசிச் சுட்டிருப்பார்கள். கீழைநாட்டு அரக்கு வேலையைப் பார்த்துக் காப்பியடித்ததால் அதுக்கு 'ஜப்பானிங்'னு பேர். விக்டோரியா காலத்து பில்லியர்ட்ஸ் அறைகளில் இந்தக் குழாய்கள் சுவரோரம் வரிசையாக நிற்கும். கரையானும் எலியும் உள்ள நம்ம ஊருக்குத் தகரம் ரொம்பப் பொருத்தம்.

பெரியப்பாவுக்கு அப்படி ஒண்ணு கிடைத்தது. 1979-ல் ஊரைவிட்டுப் போன ஒரு வயசான மெம்பர், "நீதான்யா இதை ஆடத் தகுந்த ஆளு"னு சொல்லித் தன் கியூவைத் தகரக் குழாயோடு கொடுத்துவிட்டுப் போனார். ஆஷ் மரத் தண்டு, கருங்காலிக் கைப்பிடி. 1998-ல் ஓய்வு பெற்றதும் அதை ஊருக்குக் கொண்டு வந்தார். சீயமங்கலத்தில் மேஜைக்கு எங்கே போவது? பழைய வேட்டியில் கியூவைச் சுற்றி, ஓலைச்சுவடிக் கட்டில் வைப்பது மாதிரி ஒரு துண்டு வசம்பும் போட்டு, குழாயை மூடி, உத்தரத்திலிருந்து செங்குத்தாகத் தொங்கவிட்டார். சாய்த்து வைத்தால் தன் பாரத்தாலேயே மரம் வளையும், தொங்கினால் வளையாது. வருஷத்துக்கு ரெண்டு தடவை இறக்குவார், தரையில் உருட்டிப் பார்ப்பார், திரும்ப ஏற்றிவிடுவார். அவ்வளவுதான் அவர் ஆட்டம்.

இப்ப என் பாவக் கதை. 2007. சென்னையில் வேலை, கையில் காசு, சாயந்திரமானால் ஸ்னூக்கர் பார்லர். "பெரியப்பா, சும்மாதானே தொங்குது, நான் ஆடறேனே"னு கேட்டேன். ஒரு வார்த்தை பேசாமல் இறக்கிக் கொடுத்தார். "குழாயோட எடுத்துக்கினு போடா தம்பி"ன்னார். நான் கேட்கலை. தகரக் குழாயைத் தூக்கிட்டுப் போனா பார்லர்ல சிரிப்பாங்களேன்னு ஒரு பந்தா. ஜிப் வைத்த பளபளா துணிப்பை ஒண்ணு வாங்கி அதில் போட்டேன். காரில் முன்சீட்டிலிருந்து பின்சீட்டுவரை சாய்த்து வைத்து, ஏப்ரல் மே முழுக்க வெயிலில் நிறுத்தின வண்டியிலேயே விட்டேன்.

மரம் செத்தாலும் மூச்சு விடும் மக்களே. காற்றில் ஈரம் ஏறினால் உறிஞ்சும், காய்ந்தால் விடும். ஒரு பக்கம் சீக்கிரம் காய்ந்து மறுபக்கம் மெதுவாகக் காய்ந்தால் வளையும். மூடின காருக்குள் கோடை வெயிலில் சூடு 50 டிகிரியைத் தாண்டும். மேல இரும்பு, கீழ சீட்டு மேடு, நடுவுல அந்தரத்துல என் பெரியப்பாவின் கியூ. ஜூன் மாசம் மேஜையில் உருட்டினேன். நடுவில் எழும்பி எழும்பி ஓடியது. அப்படி வளைந்ததை நிமிர்த்தினாலும் நிற்பது கஷ்டம்.

ஊருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பெரியப்பா தரையில் உருட்டினார். இன்னொரு தடவை உருட்டினார். திட்டுவார்னு நின்றேன். "கோயிலுக்குப் போயிட்டு வரலாம் வா"ன்னார்.

எங்க ஊர்க் கோயில் தெரியும்தானே? தூணாண்டார் கோயில். முதலாம் மகேந்திரவர்மன் 7-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாறையைக் குடைந்து செய்தது. சிங்கத் தூண்கள், ஆடுகிற சிவன், ரிஷபத்தோடு நிற்கிற சிவன் பார்வதி எல்லாம் உண்டு. அங்கே தூணில் கிரந்த எழுத்தில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு. லலிதாங்குரன் என்கிற மகேந்திரன் இந்த அவனிபாஜன பல்லவேஸ்வரத்தைச் செய்தான், இது புண்ணியங்கள் என்கிற ரத்தினங்களை வைக்கிற பேழை மாதிரி என்று கருத்து. கவனிச்சீங்களா? கோயிலை அவன் 'பெட்டி' என்கிறான்! அவன் பட்டப் பெயரில் இருக்கிற 'பாஜனம்' என்பதற்கும் பாத்திரம் என்றொரு அர்த்தம் உண்டு.

அதே ராஜா செஞ்சிக்குத் தெற்கே மண்டகப்பட்டில் இன்னொரு குடைவரை செய்து, செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் செய்ததாகக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். மரம் உளுத்துப்போகும், இரும்பு துருப்பிடிக்கும், சுண்ணாம்பு உதிரும். உள்ளே இருப்பது முக்கியம்னா அதை வைக்கிற பெட்டி அதைவிட அதிக நாள் நிற்கணும். கல்லு நின்னுது, 1400 வருஷமா.

கோயில் வாசலில் உட்கார்ந்து பெரியப்பா சொன்னது இது: "கூத்து ஜமாக்காரங்களைப் பாத்திருக்கியா? கிரீடம், புஜக்கட்டை எல்லாம் லேசான மரம், கண்ணாடிச் சில்லு. ஊர் ஊரா போவுது, ஒடையுதா? பெட்டிய மொதல்ல பார்ப்பாங்க, அப்புறம்தான் அவங்க சாப்பாடு."

அதுக்கு மேல அவர் எதுவும் சொல்லலை. இன்னி வரைக்கும்.

பெரிய பெரிய ஆட்களுக்கும் இது நடந்திருக்கு. ஸ்டீபன் ஹென்ட்ரி 1990-லிருந்து 1999-க்குள் 7 உலகப் பட்டம் ஜெயித்தது ஒரே கியூவில். அது ஒண்ணும் விலை உயர்ந்த கியூ இல்லை, 40 பவுண்டு சமாச்சாரம். 2003-ல் விமானப் பயணத்தில் அது உடைந்துபோனது. அதுக்கப்புறம் அவர் உலகப் பட்டம் ஜெயிக்கவே இல்லை. கியூதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஆடுறவங்களுக்கு அந்த வலி புரியும்.

ஆகவே அக்கா பொண்ணுக்கு நான் எழுதி அனுப்பினது, உங்களுக்கும்:

முதல்ல கியூவை அளந்து பார். நடுவில் பிரிகிற பூல் கியூ ரெண்டு சம பாதி, தலைக்கு 29 அங்குலம். ஸ்னூக்கரில் நிறைய பேர் முக்கால் ஜாயின்ட் வைத்திருக்கிறார்கள், தண்டு மட்டுமே 42 அங்குலம் வரும். பூல் கேஸில் இது நுழையவே நுழையாது.

வெளிக்கூடு கெட்டியாக இருக்கணும். அலுமினியமோ, கெட்டி குழாய் மேல் தோலோ ரெக்ஸினோ போர்த்தினதோ எடு. துணிப்பை தூசிக்குத்தான் ஆகும், அடிக்கு ஆகாது. பெட்டியைக் கையால் அமுக்கினால் உள்ளே இறங்கக் கூடாது.

பழைய தகரக் குழாயின் குறை, உள்ளே மெத்தை இல்லாதது. அதுக்குத்தான் பெரியப்பா வேட்டி சுற்றினார். இப்ப வருகிறதில் மெத்தைத் துணி இருக்கும். கியூவை வைத்து மூடிக் குலுக்கு, சத்தம் வரக்கூடாது. முனையும் ஜாயின்ட் திருகும் எதிலும் இடிக்கக் கூடாது.

கீல், பூட்டு, கைப்பிடி, ஜிப் இந்த நாலும்தான் முதலில் போகும். கைப்பிடி ஒட்டினதா, ஆணி அடிச்சதா பார். விமானத்தில் கையோடு விடமாட்டார்கள், சரக்கில்தான் போகும், அதனால் பூட்டு அவசியம். உள்ளே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடு. கடைசியா, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் வெயிலில் நிற்கிற வண்டியில் மட்டும் விட்டுடாதே தாயி.

அலுமினிய கேஸ் ஒண்ணு வாங்கினாள். பொங்கலுக்கு ஊருக்கு எடுத்து வந்தாள். பெரியப்பாவுக்கு இப்ப எண்பது தாண்டிடுச்சு, பார்வையும் மங்கல். கேஸைத் தடவிப் பார்த்தார், மூடியைத் திறந்து திறந்து மூடினார், காதோரம் வைத்துக் குலுக்கினார். அப்புறம் கியூவை எடுத்துத் தரையில் உருட்டினார். சத்தமே இல்லாமல் ஓடியது.

"இன்னா தாத்தா, நல்லாருக்கா?"னு கேட்டா.

"உங்க மாமன்கிட்ட குடுத்துடாதே"ன்னார்.

பதினெட்டு வருஷம் கழிச்சு வாங்கின திட்டு. சந்தோஷமா இருந்தது மக்களே, சத்தியமா.

டிஸ்கி: அந்தத் தகரக் குழாய் இப்பவும் உத்தரத்தில்தான் தொங்குது. உள்ளே வளைந்த கியூவும் இருக்கு. சீயமங்கலம் பக்கம் வந்தால் தூணாண்டாரைப் பார்த்துட்டு எங்க வீட்டுக்கும் வாங்க, காபி உண்டு. அப்ப வர்ட்டா?