கடலடியில் காத்திருந்த கடிதங்கள்

தபால் உறைகளைச் சேகரிப்போர் கறைபடாத உறையையே பெரிதும் விரும்புவர். அவர்களுள் ஒரு சாராரோ, மூழ்கிய கப்பல்களிலிருந்து மீட்கப்பட்ட உறைகளைத் தேடுகின்றனர். பெரும்பாலும் நீரில் பசை கரைந்து தபால்தலை உதிர்ந்திருக்கும்; மை பரவியிருக்கும். கடல்நீரால் சேதமுற்றது என அஞ்சலகம் இட்ட முத்திரையே அதன் வரலாற்றைக் கூறும். அந்தக் கறைக்கே அங்கு மதிப்பு.

இத்தகைய மடல்களுள் ‘கெர்சோப்பா’ கப்பலின் கடிதங்கள் நம் நெஞ்சைத் தொடுவன. 1940 டிசம்பரில் வெள்ளிக் கட்டிகள், தேயிலை, இரும்பு ஆகியவற்றோடு தபால் மூட்டைகளையும் சுமந்து கல்கத்தாவிலிருந்து அது இங்கிலாந்து நோக்கிப் புறப்பட்டது. வழியில் நிலக்கரி குறையவே, பாதுகாப்பு அணியைப் பிரிந்து அயர்லாந்தின் கால்வே துறைமுகத்தை நாடியது. 1941 பிப்ரவரியில் ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் அதனைத் தாக்கி மூழ்கடித்தது. எண்பதுக்கும் மேற்பட்டோருள், 13 நாள்கள் படகில் தத்தளித்துக் கரைசேர்ந்து உயிர்பிழைத்தவர் ஒருவரே.

2011இல் அக்கப்பல் ஏறத்தாழ 4,700 மீட்டர் ஆழத்தில் கண்டறியப்பட்டது. வெள்ளியை நாடிச் சென்றோர் 700க்கும் மேற்பட்ட கடிதங்களையும் மீட்டனர். ஒளியும் காற்றும் எட்டாத குளிர்ந்த சேற்றில் அத்தாள்கள் மக்காமல் இருந்தன. தம்மை மணக்க இசைந்த பெண்ணுக்குப் படைவீரர் ஒருவர் மகிழ்ந்து எழுதிய மடலும் அவற்றுள் ஒன்று. 2018இல் லண்டன் அஞ்சல் அருங்காட்சியகம் அக்கடிதங்களுள் சிலவற்றை மக்கள் பார்வைக்கு வைத்தது.

ஒன்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அக்கப்பலில் மாண்டோருள் பெரும்பாலோர் லஸ்கர்கள் எனப்பட்ட இந்தியக் கப்பல் தொழிலாளர்கள். பிறருடைய கடிதங்களை அமானிதமாகச் சுமந்து சென்றவர்கள் அவர்கள். இரண்டாம் உலகப் போரில் உயிர்நீத்த, பிரிக்கப்படாத இந்தியாவின் 6,000க்கும் மேற்பட்ட கடலோடிகளின் பெயர்கள் மும்பையிலும் சிட்டகாங்கிலும் உள்ள நினைவேடுகளில் பதிவாகியுள்ளன. வெள்ளியின் எடையை உலகம் அறிந்தது. அப்பெயர்களை வாசித்தோர் எத்தனை பேர்?

ரங்கூன், பினாங்கு, கொழும்பு முத்திரை தாங்கிய பழைய உறைகள் நம் இல்லங்களிலும் இருக்கலாம். தபால்தலையை மட்டும் வெட்டியெடுத்துவிட்டு எஞ்சியதை எறிந்துவிட வேண்டாம். உறையின் மேலுள்ள நாளும் ஊரும் கப்பலின் பெயரும் ஒரு குடும்பத்தின் வரலாறு. அதைச் சிதையாமல் அடுத்த தலைமுறையிடம் ஒப்படைப்பதும் நம் மீதுள்ள அமானிதமே.