ஐஸ் ஆலைக்கு எந்த லொக்கர்?

திருகோணமலை கொட்பே மீன்பிடித் துறைமுகத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகும் பல நாள் படகு ஐஸ் இல்லாமல் கிளம்பாது. ஐஸ் ஆலை நடத்துபவருக்கோ மின்கட்டணம்தான் தலையிடி. கொம்பிரஷர் எந்நேரம் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கிறது என்று ஒரு கிழமை பதிந்து பார்க்க நினைத்தால், இரண்டு வகைக் கருவிகளில் ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும்.

ஹோபோ யூஎக்ஸ்120 போன்ற சின்ன லொக்கர் (அளவுகளைப் பதியும் கருவி) ஒன்று. உள்ளங்கை அளவு, சின்னப் பற்றரி இரண்டில் ஓடும். வயரைச் சுற்றிப் பூட்டும் கிளாம்பை அதில் கொளுவிவிட்டால் போதும். மற்றது ஃபுளூக் 1730 போன்ற மூன்று பேஸ் மீற்றர். பாம்பு போல வளையும் ரொகோவ்ஸ்கி சுருள்களோடு, மின்னழுத்தம் பார்க்கத் தனி வயர்களும் இதற்கு உண்டு. விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

ஒப்பந்தம் 42 கேவிஏயைத் தாண்டிய தொழிற்சாலைக்கு, யூனிட் கணக்கோடு உச்சத் தேவைக்கும் மின்சார சபை பணம் அறவிடுகிறது. அந்த உச்சம் 15 நிமிடச் சராசரி. மோட்டர் ஸ்டார்ட் ஆகும்போது பாயும் மின்னோட்டம்தான் பில்லை ஏற்றுகிறது என்று பலர் சொல்வார்கள். கணக்குப் போட்டால் அது நிற்காது: 50 ஆம்பியரில் ஓடும் மோட்டர், தொடக்கத்தில் 5 செக்கன் 300 ஆம்பியர் இழுத்தாலும், 15 நிமிடச் சராசரி 51.4 ஆம்பியர்தான். ஆகவே பில்லுக்காகப் பார்ப்பவருக்கு ஒரு நிமிடச் சராசரியே தாராளம். கிழமைக்கு 10,080 பதிவுகள், சின்ன லொக்கர் அநாயாசமாகத் தாங்கும். பிரேக்கர் ஏன் விழுகிறது என்று தேடுபவரின் கதை வேறு. நிமிடத்துக்கொரு தடவை கண் திறந்து பார்க்கும் கருவிக்கு அந்த 5 செக்கன் அகப்படாமலே போகலாம்.

சின்னது மின்னழுத்தம் பார்க்காதே என்பது நியாயமான ஆட்சேபம். ஆனால் 400 வோல்ட் என்று வைத்துக்கொண்டால் 42 கேவிஏ என்பது பேஸுக்குச் சுமார் 60 ஆம்பியர். மதிப்பீட்டுக்கு அது போதும். கப்பாசிற்றர் போட்டால் உச்சம் எவ்வளவு இறங்கும் என்று கேட்டால்தான் சின்னது கையை விரிக்கும். அதற்குத் திறன் காரணி வேண்டும். மின்னழுத்தத்தையும் சேர்த்துப் பார்க்கும் பெரியதே அதைச் சொல்லும்.

கடற்காற்றும் இதில் ஒரு கட்சி. கிளாம்பின் இரும்பு வாய் துருப்பிடித்து மயிரிழை இடைவெளி விழுந்தாலே அளவு பிழைக்கும். ரொகோவ்ஸ்கி சுருளில் இரும்பு இல்லை, துருவுக்கு வேலையில்லை. ஆனால் ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும் சின்னப் பம்பில் அதன் அளவை நான் அவ்வளவாக நம்பமாட்டேன். எதை வாங்கினாலும் மூன்று பேஸ் கேபிளை முழுசாகச் சுற்றிக் கொளுவிவிட வேண்டாம். ஓட்டங்கள் ஒன்றையொன்று கழித்து, திரையில் பூச்சியத்துக்குக் கிட்டத்தான் நிற்கும்.

என் தெரிவு: சின்ன லொக்கரில் பேஸுக்கொரு கிளாம்பாக மூன்று. கப்பாசிற்றர் வாங்க முடிவெடுத்த பிறகு பெரியதை இரண்டு நாள் இரவல் எடுக்கலாம். மணிக்கூட்டை மட்டும் சபையின் மீற்றரோடு ஒத்துப் பார்த்து வைக்க வேண்டும். மாலை 6.30க்கு உச்ச நேரக் கட்டணம் தொடங்குகிறது. லொக்கர் பத்து நிமிடம் பிந்தியிருந்தால், 6.35க்கு ஓடிய கொம்பிரஷர் பகல் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும்.