சேலம் நகரப் பொது வசதிகள்

சேலம் நகரின் குடிநீர், சாக்கடை, மருத்துவம், சமூக நலப் பணிகள் ஆகியவற்றின் வரலாற்றை 1866-இல் நகராட்சி அமைந்ததிலிருந்து தொடங்குவது வழக்கம். அதற்கு முந்தைய ஆண்டு சென்னை மாகாணத்தில் வந்த நகர மேம்பாட்டுச் சட்டம்தான் அதற்கு அடிப்படை. ஊராரிடம் வரி வாங்கி அந்தப் பணத்தில் தெருவைக் கூட்டு, விளக்கேற்று, சாக்கடை வெட்டு என்பதே சட்டத்தின் சாரம். தண்ணீருக்கு அன்று குழாய் கிடையாது. மூக்கனேரி, குமரகிரி ஏரி, பள்ளப்பட்டி ஏரி என்று ஊரைச் சுற்றி ஏரிகள், தெருவுக்குத் தெரு கிணறுகள், நடுவில் திருமணிமுத்தாறு. இவற்றை நம்பியே சேலம் இருந்தது.

நகராட்சி உறுப்பினர் பதவி வெறும் அலங்காரமல்ல என்று முதலில் காட்டியவர் சி. விஜயராகவாச்சாரியார். 1882-இல் நடந்த சேலம் கலவரத்தை அவரே தூண்டினார் என்று வழக்குத் தொடரப்பட்டது. கீழ் நீதிமன்றம் தண்டித்தது, உயர்நீதிமன்றம் விடுவித்தது. அதற்குள் அரசு அவரை உறுப்பினர் பதவியிலிருந்து நீக்கியிருந்தது. அதை எதிர்த்து அவர் அரசின் மீதே வழக்குப் போட்டு வென்றார். நூறு ரூபாய் நஷ்ட ஈடும் பெற்றார். தொகை சிறியதுதான். ஆனாலும் உள்ளாட்சி உறுப்பினரை அரசு நினைத்தபடி தூக்கியெறிய முடியாது என்பது அன்றைக்குப் பெரிய செய்தி.

குடிநீருக்கான முதல் பெரிய ஏற்பாடு பனமரத்துப்பட்டி ஏரி. ஜருகுமலை, போதமலை ஓடைகளின் நீரைத் தேக்கி 1911-இல் உருவான இந்த ஏரி பல பத்தாண்டுகள் நகரத்தின் தாகம் தீர்த்தது. குழாய் வந்ததும் கூடவே ஒரு கேள்வியும் வந்தது: தண்ணீரை யார் திறந்துவிடுவது? 1917 முதல் 1919 வரை நகராட்சித் தலைவராக இருந்தவர் சேலத்து வழக்கறிஞர் சி. ராஜகோபாலாச்சாரி என்ற ராஜாஜி. அக்கிரகாரத்துக்குத் தண்ணீர் போகும் வால்வைத் திறந்து மூடும் வேலையில் தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஊழியர் ஒருவர் அமர்த்தப்பட்டபோது அக்கிரகாரம் கொதித்தது. ராஜாஜி இறங்கி வரவில்லை. இரும்பு வால்வை ஒருவர் தொட்டதால் தண்ணீர் தீட்டாகிவிடும் என்று ஒரு ஊரே நம்பிய காலம் அது. ராஜாஜியின் அரசியலைப் பிற்காலத்தில் ஏற்காதவர்களும் இந்த ஒரு காரியத்துக்காக அவரை மதிக்கலாம்.

வால்வைத் திறப்பவரின் முக்கியத்துவம் இன்றும் குறையவில்லை. மேலே குறுக்குக் கைப்பிடி வைத்த நீண்ட இரும்புச் சாவியோடு வந்து, சாலையோரத் தொட்டியின் மூடியை நீக்கிக் குனிந்து திருகுவார். அவர் தலை தெரிந்ததுமே தெருவில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். முறை வைத்துத் தண்ணீர் விடும் ஊரில் அவரைப் பகைத்துக்கொண்டு யாரும் இருக்க முடியாது.

1934-இல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பிறகு சேலத்தின் கண் காவிரிப் பக்கம் திரும்பியது. பின்னர் ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டர் தொலைவிலிருந்து குழாய் வழியாக வந்த மேட்டூர்த் தண்ணீர் நகரின் முதன்மை ஆதாரமானது. கவனிப்பாரற்றுப்போன பனமரத்துப்பட்டி ஏரியில் சீமைக்கருவேலம் மண்டியது. தொலைவிலிருந்து தண்ணீர் வரத் தொடங்கியதும் பக்கத்து ஏரியை மறந்துவிடுவது சேலத்துக்கு மட்டும் உரிய குணமல்ல. 2010-இல் மூக்கனேரியைத் தூர்வாரி அதில் மண்திட்டுகள் அமைத்து மரம் நட்டவர்கள் நகர மக்களே.

நகராட்சி எல்லைக்கு வெளியே நடந்த பணிகளில் இரண்டு குறிப்பிடத்தக்கவை. 1925-இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் ராஜாஜி தொடங்கிய காந்தி ஆசிரமம் பஞ்சு கொடுத்து நூல் வாங்கியது, மருந்தகம் நடத்தியது, கள்ளுக்கடைகளுக்கு எதிராகப் பிரச்சாரம் செய்தது. அந்தப் பிரச்சாரம் 1937-இல் சட்டமானது. முதலமைச்சரான ராஜாஜி அவ்வாண்டு அக்டோபர் 1 அன்று மதுவிலக்கை முதன்முதலாகச் சேலம் மாவட்டத்தில்தான் கொண்டுவந்தார். இன்றைய நாமக்கல்லும் தருமபுரியும் அப்போது அதே மாவட்டம். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939-இல் விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு பிறகு வந்தும் போயும் இருந்தது. வரி மட்டும் நிலைத்துவிட்டது.

மருத்துவத்தில் திருப்பம் 1986-இல் தொடங்கிய அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி. நாமக்கல், தருமபுரி ஊர்களிலிருந்தும் சிக்கலான நோயாளிகளைச் சேலம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவதே வழக்கமாக இருந்தது. நாமக்கல் 1997-இல் தனி மாவட்டமானாலும் அதற்கென ஓர் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல்தான் திறக்கப்பட்டது.

சேலத்தின் பெயர் நாடு முழுவதும் அடிபட்டதோ வேறொரு காரணத்தால். பெண் சிசுக்கொலை பரவலாக இருந்த மாவட்டம் என்பதால், 1992-இல் ஜெயலலிதா அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தை இங்கேதான் தொடங்கியது. வளர்க்க விரும்பாத குழந்தையைக் கொல்லாமல், அரசு வைத்திருக்கும் தொட்டிலில் விட்டுவிடலாம். கேள்வி கேட்க மாட்டார்கள். குழந்தை தத்துக் கொடுக்கப்படும். பெண்ணைக் கைவிடுவதற்கு அரசே வழிகாட்டுவதா என்று பெண்கள் அமைப்புகள் கேட்டன. அது நியாயமான கேள்வி. அந்தத் தொட்டிலில் பிழைத்த உயிர்கள் உண்டு என்பதும் உண்மை. ஆனால் தொட்டில் மட்டும் போதவில்லை: அதற்குள் கள்ளிப்பால் செய்த வேலையை ஸ்கேன் மையங்கள் செய்யத் தொடங்கியிருந்தன. 2001 கணக்கெடுப்பில் ஆறு வயது வரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 851 பெண் குழந்தைகளே மாவட்டத்தில் இருந்தனர். மாநில அளவில் 942. 2011-இல் மாவட்டத்தின் எண்ணிக்கை 900-ஐத் தாண்டியது. கருவின் பாலினம் சொல்வதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், சுகாதாரத் துறையின் கண்காணிப்பு, பெண்களின் படிப்பு எல்லாவற்றுக்கும் இதில் பங்குண்டு.

1994-இல் சேலம் மாநகராட்சியானது. சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என நான்கு மண்டலங்கள், அறுபது கோட்டங்கள், பரப்பு 91.34 சதுர கிலோமீட்டர். 2011-இல் மக்கள் தொகை 8,29,267.

எல்லாவற்றிலும் கடைசியில் நிற்பது சாக்கடை. குழாய்த் தண்ணீர் வந்து ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் பாதாளச் சாக்கடைப் பணி தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் இழுத்தும் கொண்டது. வீட்டுக் கழிவும் சாயக் கழிவும் இறங்கித் திருமணிமுத்தாறு ஊர் நடுவே சாக்கடையாகவே ஓடியது. சேர்வராயன் மலைப் பக்கம் பிறக்கும் இந்த ஆறு சேலத்தைக் கடந்து நாமக்கல் மாவட்டத்து வயல்கள் வழியே நஞ்சை இடையாறு அருகே காவிரியில் கலக்கிறது. நாமக்கல் நகரம் குடிநீர் எடுத்துவந்த மோகனூர் அந்த இடத்துக்குக் கீழ்ப்புறம் இருக்கிறது.