அஸ்திராவும் புரா கிராமமும்: ஊரக எரிசக்தி ஆய்வின் வரலாறு

முன்னுரை

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் 1974ஆம் ஆண்டு, மின்வேதியியல் பேராசிரியர் அமுல்ய குமார் ரெட்டி முதலானோர் முயற்சியால் 'அஸ்திரா' தோன்றியது. ஊரகப் பகுதிகளுக்கு அறிவியலையும் தொழில்நுட்பத்தையும் பயன்படுத்துதல் என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரின் சுருக்கப் பெயர் இது. கிராமத்தோடு கொண்ட கூட்டுறவு ஆய்வின் வினாவையே மாற்றியமைத்ததை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

கள ஆய்வு

தும்கூர் மாவட்டத்து உங்கராவில் அஸ்திரா தன் விரிவாக்க மையத்தை நிறுவியது. அதனை அடுத்துள்ள புரா உள்ளிட்ட ஆறு கிராமங்களில் 1970களின் பிற்பகுதியில் எரிசக்திக் கணக்கெடுப்பு நடைபெற்றது. அக்காலத் திட்டமிடல் நிலக்கரி, எண்ணெய், மின்சாரம் ஆகியவற்றையே பெரிதும் கருத்திற்கொண்டது. கிராமத்திலோ விறகே முதன்மை எரிபொருள். சமையலே முதன்மைப் பயன்பாடு. விறகு சேர்ப்பதிலும் நீர் சுமப்பதிலும் பெண்களும் சிறுவர்களும் செலவிட்ட உழைப்பையும் அவ்வாய்வு எரிசக்தியாகவே அளந்தது.

சாண எரிவாயு

புராவில் பொதுச் சாண எரிவாயுக் கலன் முதலில் சமையலுக்கெனவே கருதப்பட்டது. ஆனால் கிடைத்த சாணம் எல்லா வீட்டு அடுப்புகளுக்கும் போதவில்லை. எனவே 1987 முதல் எரிவாயுவும் டீசலும் சேர்ந்து இயக்கிய எந்திரத்தால் மின்சாரம் ஆக்கப்பட்டது. அது ஆழ்துளைக் கிணற்று நீரைக் குழாய்களுக்கு ஏற்றியது. வீடுகளுக்கு விளக்கும் தந்தது. சாணம் அளித்தோர் செரித்த சாணக் கரைசலை எருவாகத் திரும்பப் பெற்றனர். நீருக்கும் விளக்குக்கும் குடும்பங்கள் மாதக் கட்டணம் செலுத்தின. உள்ளூர் இளைஞர்களே கலனை இயக்கினர். பின்னாளில் அவ்வமைப்பு நின்றுபோயிற்று. அதன் படிப்பினைகளை ரெட்டியே கட்டுரையாக எழுதினார்.

உலகக் கூட்டுறவு

பிரேசிலின் கோல்டெம்பர்க், சுவீடனின் யோகான்சன், அமெரிக்காவின் வில்லியம்ஸ் ஆகியோருடன் ரெட்டி இணைந்து எழுதிய நூல் 1988இல் வெளிவந்தது. எரிசக்தியின் அளவைப் பெருக்குவது வளர்ச்சியன்று, சமையல், ஒளி, நீர் போன்ற பயன்கள் மக்களைச் சேர்வதே வளர்ச்சி என்பது அதன் மையக் கருத்து. புராவில் கண்டதும் இதுவே.

முடிவுரை

அஸ்திரா பின்னர் நீடித்த தொழில்நுட்பங்களுக்கான மையமாகப் பெயர் மாறியது. புராவின் கலன் நிலைக்கவில்லை. எனினும் அங்கு உருவான வினா நிலைத்தது. எவ்வளவு ஆற்றல் ஆக்கப்பட்டது என்பதோடு, அதனால் யாருடைய சுமை குறைந்தது என்பதையும் எரிசக்தி ஆய்வுகள் கணக்கிட வேண்டும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் உண்மையாகும்.