எதிரித் தரப்பு வழக்கறிஞர் (இந்தியா)

குற்றவழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவருக்காக (எதிரிக்காக) வக்காலத்துத் தாக்கல் செய்து, ஜாமீன் மனுவிலிருந்து மேல்முறையீடு வரை வாதாடுபவர் எதிரித் தரப்பு வழக்கறிஞர். இன்று இயல்பாகத் தோன்றும் இந்த இடம் ஒரே நாளில் கிடைத்ததல்ல. கைதானவரின் பக்கத்தில் வழக்கறிஞர் எந்தக் கட்டத்தில் வந்து நிற்கலாம் என்ற கேள்வி 250 ஆண்டுகளாக விவாதிக்கப்பட்டு வருகிறது. அதற்கு முழு விடை இன்னும் எட்டப்படவில்லை.

தொடக்கம்

கல்கத்தாவில் 1774இல் உச்ச நீதிமன்றம் அமைந்தபோது ஆங்கிலேயக் குற்றவியல் நடைமுறையும் உடன் வந்தது. அந்நாளைய இங்கிலாந்தில் பெருங்குற்ற வழக்குகளில் எதிரியின் வழக்கறிஞர் சட்ட நுணுக்கம் பேசலாம், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யலாம். ஆனால் ஜூரியை நோக்கித் தொகுப்புரை ஆற்ற முடியாது. கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் மீது லஞ்சப் புகார் கொடுத்த மகாராஜா நந்தகுமார் 1775இல் பொய்யாவணக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டபோது அவருடைய வழக்கறிஞர் ஃபாரருக்கும் இதே கட்டுப்பாடுதான். ஜூரியின் முன் தனக்காகத் தொகுப்புரை ஆற்ற ஆளின்றி நின்ற நந்தகுமார் அவ்வாண்டு ஆகஸ்டு 5 அன்று தூக்கிலிடப்பட்டார். இங்கிலாந்திலேயே இந்தத் தடை 1836ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் நீங்கியது.

சென்னை மாகாணச் சித்திரவதை அறிக்கை

இந்தியக் குற்றவழக்கின் போக்கை மாற்றிய ஆவணங்களில் ஒன்று சென்னையில் பிறந்தது. வரிவசூலிலும் போலீஸ் விசாரணையிலும் நடந்த சித்திரவதைகளை ஆராய அமைக்கப்பட்ட ஆணையம் 1855இல் அறிக்கை அளித்தது. விரல்களை மரக்கட்டைகளுக்கு இடையில் வைத்து நெரிக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கட்டிப்போடும் அண்ணாந்தாள் போன்ற கொடுமைகள் அதில் பதிவாயின. ஆணையத்தின் மூன்று உறுப்பினர்களில் ஒருவர் சென்னை வழக்கறிஞர் ஜான் புரூஸ் நார்ட்டன்.

அடித்து வாங்கும் ஒப்புதலுக்கு மதிப்பில்லை என்ற விதி 1861ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இடம்பெற்று, 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டத்துக்கு 25, 26ஆம் பிரிவுகளாகச் சென்றது. போலீசாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை எதிரிக்கு எதிராக நிரூபிக்கக் கூடாது. இந்தியாவில் எதிரித் தரப்புக்குக் கிடைத்த பாதுகாப்புகளில் இதற்கு நிகராக வேறொன்றைச் சொல்வது கடினம். அச்சட்டத்தின் 27ஆம் பிரிவு இதற்கொரு விலக்கை வைத்தது. எதிரி சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தப் பகுதி மட்டும் சாட்சியமாகும். சென்னை மாகாணத்திலிருந்து லண்டன் மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சிலுக்குச் சென்ற புலுகூரி கோட்டையா வழக்கில் (1947) இந்த விலக்கின் எல்லை சுருக்கி வரையப்பட்டது. கத்தி எடுத்த இடத்தைச் சொன்னது செல்லும். அந்தக் கத்தியால் குத்தினேன் என்பது செல்லாது.

அரசியல் வழக்குகள்

அலிப்பூர் வெடிகுண்டு வழக்கில் (1908–09) அரவிந்தருக்காகச் சித்தரஞ்சன் தாஸ் வாதாடி விடுதலை பெற்றுத் தந்தார். அரசுத் தரப்பில் நின்றவர் எர்ட்லி நார்ட்டன். சித்திரவதை ஆணையத்தில் இருந்த நார்ட்டனின் மகன், சென்னையில் பெயர்பெற்ற பாரிஸ்டர். 1911இல் நடந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷ் கொலை வழக்கில் எதிரிகளுக்காக வாதாடியவர்களில் ஒருவர் த. பிரகாசம், பிற்காலத்தில் சென்னை மாகாண முதல்வரானவர்.

அரசை எதிர்த்துப் போராடிய வ.உ.சிதம்பரனாரும் ஓட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் குற்றவழக்குகள் நடத்திய வக்கீல். 1908இல் தண்டிக்கப்பட்டபின் சன்னதை, அதாவது தொழில் நடத்தும் உரிமத்தை, இழந்தார். பின்னாளில் உயர் நீதிமன்ற நீதிபதியான வாலஸ் அது திரும்பக் கிடைக்கச் செய்தார். அந்த நன்றியில் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார் வ.உ.சி. வழக்கறிஞருக்குச் சன்னதுதான் வாழ்வாதாரம் என்பதையும், அரசை எதிர்த்தவருக்கு அது எவ்வளவு எளிதாகப் பறிபோகும் என்பதையும் இந்தப் பெயரைவிட நெருக்கமாகச் சொல்லும் ஆவணம் இல்லை.

தமிழ் மக்கள் மறக்காத வழக்கு லட்சுமிகாந்தன் கொலை வழக்கு. மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் குத்தப்பட்டு இறந்தார். திரைப்பட நடிகர்கள் எம்.கே.தியாகராஜ பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதாகி, ஜூரி விசாரணையில் தண்டனை பெற்றனர். உயர் நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீடு தோற்றது. பிரிவி கவுன்சில் வழக்கைத் திருப்பி அனுப்பியபின், வி.எல்.எத்திராஜின் வாதத்தைக் கேட்டு உயர் நீதிமன்றம் 1947 ஏப்ரலில் இருவரையும் விடுவித்தது. எத்திராஜ் முன்பு அதே ஊரில் அரசுத் தரப்புக் குற்றவியல் வழக்கறிஞராக இருந்தவர். சாட்சிகள் எப்படி ‘தயாராகிறார்கள்’ என்பதை இருபுறமும் அறிந்தவர். விடுதலை வந்தபோது பாகவதரின் இரண்டு ஆண்டுகளுக்கு மேலான காலம் சிறையில் போயிருந்தது.

அரசியலமைப்புக்குப் பின்

தனக்கு விருப்பமான வழக்கறிஞரைக் கலந்தாலோசிக்கும் உரிமையை அரசியலமைப்பின் 22(1) உறுப்பு தருகிறது. தடுப்புக் காவலில் வைக்கப்பட்டவருக்கு அது இல்லை. 1973ஆம் ஆண்டின் நடைமுறைச் சட்டம் முன்ஜாமீனைக் கொண்டுவந்தது. ஜூரி முறைக்கு அதில் இடமில்லாமல் போயிற்று. வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் வேண்டும் என்பதை ஹுசைனாரா காத்தூன் வழக்கு (1979) உரிமையாக நிறுவியது.

இதற்கு எதிர்த்திசையில் நடந்த பெரிய மாற்றம், பயங்கரவாதத்துக்கு எதிரான தடா சட்டம். போலீஸ் கண்காணிப்பாளர் நிலை அதிகாரி பதிவு செய்த ஒப்புதலை அது சாட்சியமாக ஏற்றது. 1861 முதல் இருந்த காப்பு இங்கே உடைந்தது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 1998இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. தண்டிக்கப்பட்டவர்களுக்காக மூத்த வழக்கறிஞர் என்.நடராஜன் உச்ச நீதிமன்றத்தில் வாதாடினார். 1999இல் தடா குற்றங்கள் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பானது. 19 பேர் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுபட்டனர். ஆனால் தடாவின் கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது அதே தீர்ப்பு. தண்டிக்கப்பட்டவர்களில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தைப் பதிவு செய்த அதிகாரி, தாம் வாங்கித் தந்த பேட்டரி எதற்காக என்று தெரியாது என அவர் சொன்னதைத் தாம் எழுதாமல் விட்டதாகப் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். பேரறிவாளன் 2022 மே 18 அன்று விடுதலையானார். வழக்கறிஞர் இல்லாத அறையில் எழுதப்படும் தாள் ஒருவரின் முப்பது ஆண்டுகளைத் தின்றுவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தொழிலின் உள்ளடக்கம்

மேடைப் பேச்சுக்கு இந்தத் தொழிலில் சிறு பங்குதான். பெரும்பகுதி தாள் வாசிப்பு. முதல் தகவல் அறிக்கை எந்த நேரத்தில் பதிவாயிற்று, மாஜிஸ்திரேட்டின் கைக்கு எப்போது சேர்ந்தது என்ற இடைவெளியில் பல கொலை வழக்குகள் சரிகின்றன. சாட்சி போலீசாரிடம் முன்பு சொன்னதற்கும் கூண்டில் சொல்வதற்கும் உள்ள முரணைக் குறித்துக் காட்டுவது, பிரேதப் பரிசோதனை அறிக்கையின் காயங்களைக் கண்ணால் கண்ட சாட்சியத்தோடு ஒப்பிடுவது ஆகியவை அடுத்த வேலைகள். தமிழகத்தில் ஒப்புதலுக்கும் கைப்பற்றுதல் மகஜருக்கும் சாட்சியாகப் பெரும்பாலும் வருபவர் கிராம நிர்வாக அலுவலர். அவர் உண்மையிலேயே அந்த இடத்தில் இருந்தாரா, நிலையத்தில் கையெழுத்துப் போட்டாரா என்பதைக் கேட்காமல் முடியும் குறுக்கு விசாரணை அரிது. 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகும். அந்த நாளைத் தவறவிடாமல் எண்ணுவதும் இவர் பொறுப்பே.

‘குற்றவாளிக்காக எப்படி வாதாடலாம்?’ என்ற கேள்வி இவரை வீட்டு விசேஷம்வரை துரத்தும். எதிரியின் குற்றம் குறித்துத் தன் சொந்தக் கருத்து எதுவாயினும் வழக்கை ஏற்க வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. இருந்தும் கோவையில் வழக்கறிஞர்–போலீஸ் மோதலுக்குப்பின், குற்றஞ்சாட்டப்பட்ட போலீசாருக்காக எவரும் ஆஜராகக் கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானித்தது. ஏ.எஸ்.முகமது ரஃபி வழக்கில் (2010) இத்தகைய தீர்மானங்கள் அனைத்தும் செல்லாதவை என்றது உச்ச நீதிமன்றம். சரியான தீர்ப்பு. போலீசாருக்கு இல்லாத உரிமை அவர்கள் பிடித்துவரும் ஏழைக்கும் நிலைக்காது.

இன்றைய நிலை

2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி இந்தியச் சிறைவாசிகளில் 75.8 விழுக்காட்டினர் விசாரணைக் கைதிகள். அதே ஆண்டில், இலவசச் சட்ட உதவியை முழுநேர வழக்கறிஞர்களிடம் ஒப்படைக்கும் திட்டத்தைத் தேசியச் சட்டப் பணிகள் ஆணையம் கொண்டுவந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 38ஆம் பிரிவு, போலீஸ் விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்கலாம், ஆனால் விசாரணை முழுவதும் உடனிருக்க முடியாது என்கிறது. முதன்முதலாக ரிமாண்டுக்குக் கொண்டுவரப்படும்போதே வழக்கறிஞர் உரிமையை எடுத்துச்சொல்வது மாஜிஸ்திரேட்டின் கடமை என்று அஜ்மல் கசாப் வழக்கில் (2012) உச்ச நீதிமன்றம் அறிவித்தது. அந்தக் கட்டத்தில் வழக்கறிஞர் இல்லாமல் போனாலும் பின்னர் நடக்கும் விசாரணை அதனாலேயே செல்லாததாகிவிடாது என்பதும் அந்தத் தீர்ப்பிலேயே உள்ளது.